தகடும் கான்கிரீட்டும்: கூட்டல் கணக்கு எங்கே பிசகுகிறது

கேள்வி கேட்ட தம்பி பாளையங்கோட்டைப் பக்கம் சிவில் கடைசி ஆண்டு படிக்கிறார். புராஜெக்டுக்காக ஒரு குட்டிச் சுவர் செய்திருக்கிறார் (சேர்த்து எழுதினால் அர்த்தம் மாறிவிடும், அதனால் பிரித்தே எழுதுகிறேன்). 600 மி.மீ உயரம், 300 அகலம், 100 கனம். இரண்டு முகத்திலும் 2 மி.மீ இரும்புத் தகடு, நடுவில் கான்கிரீட், தகட்டுக்குத் தகடு குறுக்கே 150 மி.மீக்கு ஒரு போல்ட். கியூப் சோதனையில் (அதே கலவையில் வார்த்த கனசதுரத்தை நசுக்கிப் பார்ப்பது) 30 மெகாபாஸ்கல், அதாவது சதுர மி.மீக்கு 30 நியூட்டன் வந்திருக்கிறது. தகடு 250 கிரேடு, அதாவது 250 மெகாபாஸ்கலில் விளையும் (பழைய வடிவத்துக்குத் திரும்பாதபடி உருமாறத் தொடங்கும்) இரும்பு. கான்கிரீட் பரப்பு 28,800 சதுர மி.மீ, அதை 30-ஆல் பெருக்கினால் 864 கிலோநியூட்டன். தகடு இரண்டும் 1,200 சதுர மி.மீ, 250-ஆல் பெருக்கினால் 300. ஆக மொத்தம் 1,164 என்று எழுதிவைத்துக்கொண்டு லோடிங் ஃபிரேமில் (பளு ஏற்றிப் பார்க்கும் சோதனை மெஷின்) ஏற்றினால் 680-இல் உடைந்துவிட்டது. "அண்ணாச்சி, பட்டறைக்காரர் மட்டமான தகட்டைக் கொடுத்துவிட்டாரா, சிமெண்ட் பழசா, எதைச் சந்தேகப்பட?" என்று கேட்கிறார். கூடவே, கூடங்குளத்தில் இருப்பது இந்த மாதிரிச் சுவர்தானா என்று ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார்.

பட்டறைக்காரரை விட்டுவிடுங்கள் தம்பி. உங்கள் சுவர் அது தாங்க வேண்டியதைத்தான் தாங்கியிருக்கிறது. பிசகு கணக்கில்.

முதலில் கான்கிரீட். கியூபை நசுக்கும்போது மேலும் கீழும் இருக்கிற இரும்புத் தட்டுகள் உராய்வால் அதன் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்கின்றன, பக்கவாட்டில் பிதுங்க விடுவதில்லை. 150 மி.மீ உயரக் கியூபில் அந்தப் பிடி கிட்டத்தட்ட முழு உயரத்துக்கும் எட்டும். 600 மி.மீ உயரச் சுவரில் நடுப்பகுதிக்கு அந்த உதவி எட்டவே எட்டாது, அது தன் சொந்த பலத்தில்தான் நிற்கவேண்டும். அதனால்தான் இந்தியக் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456 கியூப் வலிமையில் 0.67 பங்கைத்தான் கட்டுமான உறுப்பின் வலிமையாக எடுக்கிறது, 1.5 என்கிற பாதுகாப்புக் காரணியெல்லாம் அதற்குப் பிறகு வருவது, சோதனையோடு ஒப்பிடும்போது அது வேண்டாம். 30-க்கு 0.67 என்றால் 20 சொச்சம். 28,800-ஆல் பெருக்கினால் 579 கிலோநியூட்டன். பார்த்தீர்களா, 864-இலிருந்து 285 இங்கேயே போய்விட்டது, யாரும் எதையும் திருடவில்லை.

அடுத்து தகடு. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பத்தமடையில் கோரையைக் கட்டுக் கட்டாக நிறுத்திவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தடுத்து நெருக்கி முடிச்சுப் போட்ட கட்டை மேலிருந்து அழுத்தினால் அசையாது. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு முடிச்சு மட்டும் போட்ட கட்டை அழுத்துங்கள், நடுவில் கோரை வெளிப்பக்கமாக வளைந்து வயிறு தள்ளும். உள்ளே வளைய இடமில்லை, மற்ற கோரைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் தகடும் அப்படித்தான். உள்பக்கம் கான்கிரீட் இருப்பதால் ஒரு பக்கமாக, வெளியே மட்டும் பிதுங்கும். போல்ட் வரிசைகள்தான் முடிச்சு. இரண்டு வரிசைக்கு நடுவே இருக்கிற தகட்டுப் பட்டை, இரண்டு முனையும் பிடிக்கப்பட்ட ஒரு மெல்லிய தூண் மாதிரி நடந்துகொள்கிறது, மெல்லிய தூண் எந்தப் பளுவில் வளையும் என்று சொல்கிற ஆய்லர் சூத்திரம் அப்படியே பொருந்தும். முனைகள் முழுசாகப் பிடிக்கப்பட்டிருந்தால் செயல் நீளம் (வளைவுக் கணக்கில் எடுக்கிற நீளம்) பாதி, அதாவது 0.5. ஆனால் வெல்டிங் சூடு, ஊற்றும்போது வந்த சின்னப் புடைப்பு இதெல்லாம் இருப்பதால் ஆராய்ச்சிக்காரர்கள் 0.7 போட்டுப் பார்த்தால்தான் சோதனையோடு ஒத்துப்போகிறது என்கிறார்கள்.

உங்கள் போல்ட் இடைவெளி 150, தகடு 2. விகிதம் 75. சூத்திரத்தில் போடுங்கள்: பை வர்க்கம் பெருக்கல் 2,00,000 (இரும்பின் மீள்குணகம், அதாவது அதன் விறைப்பின் அளவு, மெகாபாஸ்கலில்), அதை 12 பெருக்கல் 52.5 (75-இல் 0.7 பங்கு) வர்க்கத்தால் வகுத்தால் 60 மெகாபாஸ்கல் வரும். 250 வரை போகும் என்று நீங்கள் நம்பின தகடு 60-இலேயே வளைந்துவிட்டது. வளைந்த பிறகு அந்தப் பட்டை கூடுதலாக எதையும் பெரிதாக வாங்கிக்கொள்ளாது. 1,200 சதுர மி.மீக்கு 60 என்றால் 72 கிலோநியூட்டன். 579-உம் 72-உம் 651. மெஷினில் வந்தது 680. இந்த அளவு நெருக்கம் கிடைத்ததற்கே நீங்கள் உங்கள் கைடுக்கு ஒரு டப்பா அல்வா வாங்கிக் கொடுக்கலாம்.

சரி, எவ்வளவு நெருக்கமாகப் பிடித்தால் தகடு முழு வலிமைக்கும் போகும்? அணு உலைக் கட்டடங்களுக்கான அமெரிக்க விதி, என்690, இடைவெளியைத் தகட்டுக் கனத்தால் வகுத்தால் வரும் எண், இரும்பின் மீள்குணகத்தை அதன் விளைவு வலிமையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்த எண்ணைத் தாண்டக்கூடாது என்கிறது. 250 கிரேடுக்கு 28, 350 கிரேடுக்கு 24. சாதாரணக் கட்டடங்களுக்கான அமெரிக்க இரும்புக் கட்டுமான விதி, ஏஐஎஸ்சி 360, அதில் 1.2 மடங்கு வரை விடுகிறது. உங்களுடையது 75. 2 மி.மீ தகட்டுக்கு 56 மி.மீக்குள் போல்ட் வேண்டும், முழு எண்ணாக 50 என்று வையுங்கள். அப்படிச் செய்திருந்தால் 579-உம் 300-உம் சேர்ந்து 879 வந்திருக்கும், ஒரு கிலோ இரும்புகூடத் தகட்டில் ஏற்றாமல். போல்ட் எண்ணிக்கை ஏறும் என்பது வாஸ்தவம், அது வேறு தலைவலி. இந்த வகைச் சுவரில் தகடு எத்தனை கிலோ என்பதைவிட அதை எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறீர்கள் என்பதுதான் பளுவைத் தீர்மானிக்கிறது. நான் பார்த்தவரை புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் தகட்டைத் தடிமனாக்கத்தான் யோசிக்கிறார்கள், போல்டை நெருக்க யாரும் முதலில் யோசிப்பதில்லை.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கேட்டிருக்க வேண்டியது. இரும்பின் வலிமையையும் கான்கிரீட்டின் வலிமையையும் கூட்டுகிறோமே, இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருமா? இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒரே அளவுதான் சுருங்க முடியும். கான்கிரீட் தன் உச்சத்தை 0.002 திரிபில் தொடுகிறது, அதாவது ஒரு மீட்டருக்கு 2 மி.மீ சுருங்கும்போது. 250 கிரேடு இரும்பு 0.00125-லேயே விளைந்துவிடும். அந்த நேரத்தில் கான்கிரீட் தன் வலிமையில் 86 சதவீதத்தில் நிற்கிறது. ஆனால் விளைந்த இரும்பு ஓடிப்போவதில்லை, 250-ஐப் பிடித்தபடியே கூடச் சுருங்கிக்கொண்டு, கான்கிரீட் வந்து சேரும்வரை காத்திருக்கும். அதனால் கூட்டல் செல்லும். 350 கிரேடு 0.00175-இல் விளைகிறது, அதுவும் சரி. 450 கிரேடு போட்டால் 0.00225, கான்கிரீட் உச்சத்தைத் தாண்டி இறங்க ஆரம்பித்த பிறகுதான் இரும்பு முழு வலிமைக்கு வரும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் தப்பு. காசு கொடுத்து வாங்கின வலிமையில் ஒரு பகுதி கையில் சிக்காது.

காத்திருக்கும் என்று சொன்னேனே, வளையாமல் இருந்தால்தான் காத்திருக்கும். விளைவதற்கு முன்பே பிதுங்கிவிட்டால் அந்தப் பொறுமை அதற்கு இல்லை. அந்த 28 என்கிற எண்ணின் வேலையே தகடு விளையும் வரைக்கும் பிதுங்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

இன்னொன்று, உங்கள் போட்டோவில் சுவரின் மேல்முனை கண்ணில் பட்டது. கான்கிரீட் உட்கார்ந்து, தகட்டு விளிம்பு கொஞ்சம் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மி.மீ இருக்குமா? சின்ன விஷயம் மாதிரித் தெரியும். 600 மி.மீ உயரத்துக்கு ஒரு மி.மீ என்றால் திரிபு 0.00167. மெஷின் தட்டு கான்கிரீட்டைத் தொடுவதற்கு முன்பே தகடு தனியாக நின்று அவ்வளவையும் வாங்கியாக வேண்டும், அது விளைகிற திரிபே 0.00125-தான். அதாவது உங்கள் தகடு கான்கிரீட்டோடு கைகோக்கும் முன்னாலேயே தன் கதையை முடித்துக்கொண்டிருக்கலாம். அடுத்த தடவை மேல்முகத்தைக் கிரைண்டர் வைத்துச் சமப்படுத்தி, சுருங்காத கிரௌட்டோ ஜிப்சமோ போட்டு மட்டம் பார்த்து, ஒரு தடித்த தட்டை வைத்துப் பிறகு ஏற்றுங்கள். நிஜக் கட்டடத்திலும் இதே தொல்லை உண்டு, சுவரின் அடியில் பேஸ் பிளேட் உட்காரும் இடத்தில் பளு இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் சரியாகப் பிரிந்து இறங்குகிறதா என்பதற்குத்தான் பாதி டிராயிங் தீரும்.

ஊற்றும்போது என்ன நடக்கிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முன்னொரு காலத்தில் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் 3 மீட்டர் உயரச் சோதனைச் சுவர் ஒன்று போட்டோம். தகடு 6 மி.மீ, பேட்டை தொழிற்பேட்டையில் வெட்டி வாங்கினது, போல்டுக்குப் பதில் தகட்டுக்குத் தகடு குறுக்குக் கம்பி, அதன் இடைவெளி 500. மே மாதம், தகட்டைத் தொட்டால் கை பொரிந்துவிடும், அதனால் விடிகாலை 5 மணிக்கே ஆரம்பித்து, இளகலான கலவையை ஒரே மூச்சில் 3 மீட்டரும் ஊற்றிவிட்டோம். அவசரம் என்னுடையது, மேஸ்திரி "ரெண்டு தடவையா ஊத்துவோம் சார்" என்றுதான் சொன்னார். இளகின கான்கிரீட் தண்ணீர் மாதிரித்தான் தள்ளும், தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனத்தோடு. 3 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 75 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஏழரை டன். மறுநாள் நூல் பிடித்துப் பார்த்தால் அடிப்பகுதியில் கம்பிக்குக் கம்பி நடுவில் 8 மி.மீ வயிறு. பக்கத்தில் நின்று வெயில் சாய்ந்த நேரத்தில் பார்த்தால் மெத்தை தைத்தது மாதிரி, கம்பி இருக்கிற இடமெல்லாம் குழி, நடுவெல்லாம் மேடு. எங்கள் விகிதம் 83. அப்படியே வளைந்து பிறந்த தகடு பளு ஏறும்போது எந்தப் பக்கம் போகும் என்று கேட்கவே வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. தகட்டுப் பட்டையின் புடைப்பு, இடைவெளியின் நான்காம் படியைப் பொறுத்தது. இடைவெளியைப் பாதியாக்கினால் புடைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். 500-ஐ 250 ஆக்கியிருந்தால் அந்த 8 மி.மீ அரை மி.மீ ஆகியிருக்கும், கண்ணுக்கே தெரிந்திருக்காது. (அதே வேலையில் ஒருவர் கான்கிரீட்டுக்குக் க்யூரிங் என்று தகட்டின் வெளிப்பக்கம் நனைந்த சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தார், இரும்பு நன்றாக க்யூர் ஆனது. இந்தச் சுவரில் மேல்முகத்தை மூடினால் போதும், உள்ளே இருக்கிற ஈரம் எங்கேயும் போகாது.)

குறுக்குக் கம்பியா, ஸ்டட் (தகட்டின் உள்முகத்தில் வெல்டு செய்த குட்டைக் கம்பி) மட்டும் போதுமா என்று சிலர் குழப்பிக்கொள்வார்கள். தகடு பிதுங்காமல் இருக்க இரண்டுமே உதவும். ஆனால் ஸ்டட் கான்கிரீட்டுக்குள் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. சுவர்க் கனத்தின் நடுவே, தகடுகளுக்கு இணையாக ஒரு விரிசல் விழுந்து, ஆளுக்கொரு தகட்டோடு இரண்டு பாதியாகப் பிரிந்து போக ஆரம்பித்தால் ஸ்டட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பக்கத் தகட்டிலிருந்து அந்தப் பக்கத் தகடு வரை போகிற கம்பிதான் அதைப் பிடிக்கும். அதனால்தான் என்690 குறுக்குக் கம்பிகளின் இடைவெளி சுவர்க் கனத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. உங்கள் 100 மி.மீ சுவருக்கு 150-இல் போல்ட், இந்த விதியிலும் அடிபடுகிறது.

"தகடு கான்கிரீட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதால் வலிமை கூடும் இல்லையா" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். வட்டக் குழாயில் கூடும். தட்டையான சுவரில் அதை நம்பி இறங்காதீர்கள். உள்ளிருந்து தள்ளினால் வட்டம் இழுவிசையில் நின்று எதிர்க்கும், தட்டைத் தகடு வளைந்து கொடுத்துவிடும். அது போக, பளு ஏறத் தொடங்கும்போது இரும்பு பக்கவாட்டில் விரிய நினைப்பது அதிகம், பாய்சன் விகிதம் (அழுத்தும்போது பக்கவாட்டில் விரிகிற பங்கு) 0.3, கான்கிரீட்டுக்கு 0.2 அளவுதான். இறுக்கிப் பிடிப்பதற்குப் பதில் தகடு கொஞ்சம் விலகப் பார்க்கும். கான்கிரீட் உள்ளுக்குள் நொறுங்கி வீங்க ஆரம்பிக்கிற கடைசிக் கட்டத்தில்தான் பிடிப்பு வரும். அது சுவர் படக்கென்று விழாமல் நிதானமாக இறங்க உதவும், பளுவைக் கூட்ட உதவாது.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சுவர் குட்டை, உயரம் கனத்தைப் போல 6 மடங்குதான், முழுச் சுவரும் வில் மாதிரி வளையும் பேச்சே இல்லை. நிஜச் சுவருக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்: 200 மி.மீ கனம், இருபுறமும் 6 மி.மீ தகடு, 30 கிரேடு கான்கிரீட், 150-இல் கம்பி. ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்பு 3,000, கான்கிரீட் 3,780, கூட்டினால் 6,780 கிலோநியூட்டன். இதை ஏஐஎஸ்சி 360 சொல்கிறபடி வளைவுக்குக் குறைத்தால், 3 மீட்டர் உயரத்தில் 9 சதவீதம் போகும், 6 மீட்டரில் 31 சதவீதம் போய்விடும். கான்கிரீட்டின் விறைப்பில் 0.35 பங்கைத்தான் அந்த விதி எடுத்துக்கொள்ள விடுகிறது, விரிசல் விடும் என்பதால். வேடிக்கை என்னவென்றால் பரப்பில் வெறும் 6 சதவீதம் இருக்கிற தகடு, வளைவை எதிர்க்கும் விறைப்பில் ஐந்தில் நான்கு பங்கைத் தருகிறது. இரண்டு முகத்திலும் ஓரத்தில் நிற்பதால்தான் அந்த மரியாதை. கம்பி கட்டிய சாதாரணச் சுவரில் அதே இரும்பு கவருக்குள்ளே (கம்பியை மூடுகிற கான்கிரீட் படலம்) தள்ளி நிற்கும், இவ்வளவு பலன் வராது. பளு நடுமையத்தில்தான் இறங்கும் என்றும் எண்ணாதீர்கள். சுவருக்குக் குறைந்தது கனத்தில் 0.05 பங்காவது விலகல் எடுக்கச் சொல்கிறது ஐஎஸ் 456, அது வந்தாலே இந்த ஓரத் தகடுகள்தான் கைகொடுக்கும்.

இப்போது கூடங்குளம். அங்கே உலைக் கூடு இந்த வகை இல்லை தம்பி. அது இரட்டைக் கூடு: உள்ளே பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் (கேபிள்களை இழுத்துக் கட்டி முன்கூட்டியே அழுத்திவைத்தது), அதன் உள்முகத்தில் இரும்புத் தகடு, வெளியே இன்னொரு கான்கிரீட் கூடு. உள்முகத் தகட்டைப் பார்த்துவிட்டு இதுவும் அதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அந்தத் தகடு காற்றுக் கசியாமல் இருக்கத்தான், பளு தாங்குகிற கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. நம்முடைய வகைச் சுவரை அணு உலையில் பார்க்க வேண்டுமென்றால் ஏபி1000 என்கிற அமெரிக்க வடிவமைப்பு உலைகளின் வெளிக்கூட்டைப் பார்க்க வேண்டும், சீனாவில் சான்மென்னிலும் ஹையாங்கிலும், அமெரிக்காவில் ஜார்ஜியாவின் வோக்டிலிலும். அங்கே சுவர் 3 அடி கனம், இரு முகத்திலும் முக்கால் அங்குலத் தகடு. அதுவும் லேசில் நடக்கவில்லை, 2009-இல் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் இந்த வடிவமைப்பு பளு தாங்கும் என்பதற்கு இன்னும் சான்று காட்டுங்கள் என்று திருப்பிவிட்டது, அதற்கப்புறம்தான் மேலும் சோதனைகளும் மாற்றங்களும். மாடிக் கட்டடத்தில் என்றால் சியாட்டிலின் ரெய்னியர் ஸ்கொயர், 58 மாடி. நடுவில் லிஃப்ட் போகிற மையச் சுவரைக் கம்பி கட்டி வார்க்காமல் தகட்டுப் பெட்டிகளாக நிறுத்தி உள்ளே கான்கிரீட் ஊற்றினார்கள், இரும்பு வேலை 10 மாதத்தில் முடிந்தது. ஷட்டரிங்கும் இல்லை, கம்பி கட்டலும் இல்லை, ஊற்றுவதற்கு முன்னாலேயே காலித் தகட்டுப் பெட்டி மேல் மாடிகளின் பளுவைத் தாங்கிக்கொண்டு நிற்கும். இந்த வகையை விரும்புகிறவர்கள் பளுவுக்காக விரும்புவதைவிட இந்த வேகத்துக்காகத்தான் விரும்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

நம்ம ஊரில் வீட்டுக்கு இது தேவையா என்று கேட்டால், வேண்டாம். வெளியே தெரியும் இரும்பு தீயில் 600 டிகிரிக்குப் போனால் பாதி வலிமையைக்கூட வைத்துக்கொள்ளாது. உள்ளே அடைபட்ட ஈரம் நீராவியாகித் தகட்டைத் தள்ளும், அதற்குத் தகட்டில் சின்ன ஆவித்துளைகள் விடவேண்டும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்று தகட்டுக் கனத்தைத் தின்றுகொண்டே இருக்கும், 6 மி.மீயில் ஒரு மி.மீ போனால் கம்பி இடைவெளிக் கணக்கும் கூடவே போய்விடும்.

அடுத்த மாதிரிக்கு: 2 மி.மீ தகட்டையே வைத்துக்கொண்டு போல்டை 50-க்குக் கொண்டுவாருங்கள், அல்லது 4 மி.மீ தகட்டில் 100 வையுங்கள், இரண்டுக்கும் விகிதம் 25-தான். முடிந்தால் பழைய 150 இடைவெளியில் இன்னொன்றும் வார்த்துவையுங்கள், ஒப்பிட உதவும். மூன்றையும் ஒரே கலவையில் ஒரே நாளில் ஊற்றுங்கள், கியூப் மட்டும் போதாது, சிலிண்டரும் எடுங்கள். ஏற்றுவதற்கு முன்னால் தகட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், டங்கென்று வெறும் பாத்திரச் சத்தம் வருகிற இடத்தில் பின்னால் கான்கிரீட் இல்லை, அங்கே சாக்பீஸால் குறியிட்டுவிடுங்கள். ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபை அளக்க ஒட்டுகிற கருவி) இரண்டுதான் இருக்கிறது என்றால் ஒன்றைப் போல்ட் வரிசையிலும் இன்னொன்றை இரண்டு வரிசைக்கு நட்டநடுவிலும் ஒட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நடுவில் உள்ளது திரும்பி இறங்க ஆரம்பிக்கும்; அந்த இடத்தில் மெஷின் காட்டுகிற பளுவைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணம்வரை இரண்டு கேஜும் காட்டின திரிபை எனக்கு அனுப்புங்கள்.